ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் காற்று: பதிவேடும் போரும் நமது கூரைகளும்

மட்டக்களப்பில் வயதானவர்களிடம் பிள்ளைகள் பிறந்த வருடத்தைக் கேட்டால் பலர் ஆண்டைச் சொல்வதில்லை. "சூறாவளிக்கு ரெண்டு வருஷம் முந்தி", "சூறாவளிக்குப் பிறகு வந்த மாரியில" என்றுதான் பதில் வரும். எந்தச் சூறாவளி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 1978 நவம்பர் 23 இரவு கிழக்குக் கரையில் ஏறிய அந்தச் சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய 10 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். தென்னந்தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. அதன்பிறகு கலவரம் வந்தது, போர் வந்தது, சுனாமி வந்தது. ஆனாலும் 'சூறாவளி' என்ற தனிச்சொல் இன்னும் அந்த ஒரு இரவைத்தான் குறிக்கிறது.

அன்றிரவு காற்று எவ்வளவு வேகமாக வீசியது? மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் அதிகம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது ஒரு மதிப்பீடு. சரி, இனி அதைப்போன்ற காற்று எப்போது வரும்? நாளைக்குக் கட்டப்போகும் ஒரு வீடு எவ்வளவு காற்றுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும்? இதுவும் மதிப்பீடுதான். ஆனால் ஊகம் அல்ல. இதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு நீண்டகாலப் பதிவேடு வேண்டும். நமது வடக்கு கிழக்கில் அந்தப் பதிவேடு போரால் கிழிபட்டுக் கிடக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நான் படித்தது ஊடகக் கற்கை, புள்ளிவிபரவியல் அல்ல. மீள்குடியேற்றக் கிராமங்களைப் பற்றி எழுதப் போகும் இடங்களில் கூரையைப் பற்றிய முறைப்பாடு ஒன்றாவது என் குறிப்புப் புத்தகத்தில் ஏறிவிடும். "இந்தச் சீற் காத்துக்கு நிக்குமா தம்பி?" என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கணக்கை வாசிக்கத் தொடங்கினேன். எண்களைத் தாளில் நானே போட்டுப் பார்த்து விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எந்த வேகம்?

'மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் காற்று' என்று செய்தியில் வாசிக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது எவ்வளவு நேரத்துச் சராசரி என்பது. காற்று ஒரே சீராக வீசுவதில்லை, விட்டுவிட்டு அடிக்கும். பத்து நிமிடச் சராசரியாகப் பார்த்தால் ஒரு வேகம். அதே பத்து நிமிடத்துக்குள் மூன்று செக்கன் மட்டும் நின்ற உச்ச வீச்சைப் பார்த்தால் இன்னொரு வேகம். திறந்த வெளியில் இரண்டாவது எண் முதலாவதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும். உலக வளிமண்டலவியல் அமைப்பு பத்து நிமிடச் சராசரியைக் கேட்கிறது. இந்திய வானிலைத் துறை சூறாவளிக்கு மூன்று நிமிடச் சராசரியைப் பயன்படுத்துகிறது. அமெரிக்க நிறுவனங்கள் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கின்றன. ஒரே புயலுக்கு மூன்று ஊடகங்கள் மூன்று எண்களைச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கூரையைப் பிய்ப்பது அந்த மூன்று செக்கன் வீச்சுத்தான். ஆகவே இலங்கையின் கட்டட வழிகாட்டி அந்த வீச்சையே அடிப்படையாகக் கொள்கிறது.

அடுத்தது உயரமும் இடமும். காற்றுமானியை நிலத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தில், சுற்றிவர மறைப்பு இல்லாத வெளியில் வைக்க வேண்டும் என்பது விதி. அருகில் ஒரு மாடிக் கட்டடம் எழும்பினாலோ, வேம்பொன்று வளர்ந்தாலோ பதிவாகும் வேகம் குறையும். இருந்த மரங்கள் தறிக்கப்பட்டால் கூடும். பதுங்குகுழிகளுக்காகப் பனந்தோப்புகள் அழிக்கப்பட்ட மண் இது. ஓர் இடத்தில் 1970களில் எடுத்த அளவும் 2010களில் எடுத்த அளவும் ஒரே மாதிரியான சூழலில் எடுத்தவை என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. அதனால் கணக்குப் போடுவதற்கு முன் பதிவேட்டைத் துப்புரவாக்குவதே பாதி வேலை: காற்றுமானி எப்போது மாற்றப்பட்டது, எங்கே இடம் மாறியது, எந்த அலகில் எழுதினார்கள் என்பதையெல்லாம் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும்.

வருடத்துக்கு ஒரு எண்

துப்புரவான பதிவேடு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வருடத்திலும் பதிவான ஆகக்கூடிய வேகத்தை மட்டும் எடுக்கிறோம். 30 வருடப் பதிவுக்கு 30 எண்கள். மீதி அத்தனை நாட்களையும் விட்டுவிடுகிறோம். சாதாரண நாட்களின் சராசரி நமக்கு உதவாது. வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் வீசும் இளங்காற்று, கூரையை என்ன செய்யும் என்பதற்குப் பதில் தராது.

இப்படி உச்சங்களை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினால் அவை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் பரவி நிற்கும் என்பதைக் கணிதவியலாளர்கள் 1920களில் கண்டார்கள். இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷரும் லியனார்ட் டிப்பெற்றும் 1928இல் அதை எழுதினார்கள். அதை வெள்ளத்துக்கும் காற்றுக்கும் பயன்படும் கருவியாக வளர்த்தெடுத்தவர் எமில் கும்பெல். அவருடைய பெயரிலேயே அந்தப் பரம்பலை இன்றும் அழைக்கிறார்கள்.

கும்பெல் முறையின் எளிய வடிவத்தை ஒரு பாடசாலைப் பிள்ளையும் செய்யலாம். உச்சங்களின் சராசரியையும் நியம விலகலையும் காணுங்கள். நியம விலகல் என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. அதை 2.59ஆல் பெருக்கிச் சராசரியுடன் கூட்டினால் வருவது 'ஐம்பது வருடக் காற்று'. நூறு வருடக் காற்றுக்கு 2.59க்குப் பதிலாக 3.14 என்று போட வேண்டும்.

விளக்கத்துக்காக ஓர் இடத்தைக் கற்பனை செய்வோம். வருட உச்சங்களின் சராசரி மணிக்கு 72 கிலோமீற்றர். நியம விலகல் 11. அப்படியானால் ஐம்பது வருடக் காற்று 72 + (2.59 × 11), அதாவது ஏறக்குறைய மணிக்கு 100 கிலோமீற்றர்.

இதில் எவ்வளவு நிச்சயம்? அதையும் கணக்கிடலாம். கையில் 30 வருடப் பதிவு இருந்தால் உண்மையான விடை 87க்கும் 114க்கும் இடையில் இருக்கும் என்று 95 வீத நம்பிக்கையுடன் சொல்லலாம். 10 வருடப் பதிவுதான் இருக்கிறதென்றால் அந்த இடைவெளி 77 முதல் 123 வரை விரிந்துவிடும். பதிவேடு குறுகினால் விடை மங்குகிறது. தொலைந்துபோகும் ஒவ்வொரு வருடத்துக்கும் இந்த விலை உண்டு.

ஐம்பது வருடம் என்றால் ஐம்பது வருடமல்ல

'ஐம்பது வருடக் காற்று' என்ற சொல் பலரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. 1978இல் வந்தது, இனி 2028இல்தான் வரும் என்ற பொருள் அதற்கு இல்லை. எந்த ஒரு வருடத்திலும் அது வருவதற்கான வாய்ப்பு 2 வீதம் என்பதே அதன் பொருள். கடந்த வருடம் வந்திருந்தாலும் இந்த வருடம் அதே 2 வீதம். ஐம்பது வருடமாக வராவிட்டாலும் அதே 2 வீதம்.

2 வீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் வீடு ஒரு வருடத்துக்குக் கட்டப்படுவதில்லை. 30 வருடம் நிற்கும் ஒரு வீடு அந்தக் காற்றை ஒரு தடவையாவது சந்திக்கும் வாய்ப்பு 45 வீதம். 50 வருடம் நின்றால் 64 வீதம். அதாவது ஐம்பது வருடக் காற்றுக்குக் கட்டப்பட்ட வீடு, தன் ஆயுளில் அந்தக் காற்றைப் பார்க்காமல் தப்புவதைவிடப் பார்ப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவேதான் பொறியியலாளர்கள் அந்த வேகத்துக்கு மேலாக ஒரு பாதுகாப்பு வரம்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வைத்தியசாலை போன்றவற்றுக்கு இன்னும் உயர்ந்த வேகத்தை எடுக்கிறார்கள்.

ஒரு பக்கம் கிழிந்தால்

மேலே சொன்ன கற்பனை இடத்துக்குத் திரும்புவோம். அங்கே 29 வருடம் சாதாரண உச்சங்கள். சராசரி 72, விலகல் 11. முப்பதாவது வருடத்தில் ஒரு சூறாவளி வருகிறது. காற்றுமானி மணிக்கு 170 கிலோமீற்றர் என்று பதிகிறது. இந்த ஒரேயொரு எண்ணைச் சேர்த்தவுடன் சராசரி 75 ஆகிறது. விலகல் ஏறக்குறைய இரட்டிப்பாகி 21 ஆகிறது. ஐம்பது வருடக் காற்று 100இலிருந்து 129க்குத் தாவுகிறது.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. ஆகவே 100இலிருந்து 129 என்பது கூரைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடிய சுமை அல்ல. மூன்றில் இரண்டு பங்கு கூடிய சுமை.

இதைத் தலைகீழாகப் பாருங்கள். சூறாவளி வந்த அந்த வருடத்தில் அந்த இடத்தில் பதிவேடு எழுத ஆள் இல்லை. அலுவலகம் மூடப்பட்டிருந்தது, அல்லது ஊரே இடம்பெயர்ந்திருந்தது. அந்தப் பக்கம் வெறுமையாகிறது. கணக்குப் போடுபவர் இருக்கும் 29 எண்களை வைத்து 100 என்று எழுதுவார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த எண்ணை நம்பிப் போடப்படும் கூரை வேண்டியதைவிடப் பலவீனமாக இருக்கும். பதிவேட்டில் இல்லாத வருடம் 'ஒன்றும் நடக்காத வருடம்' ஆகிவிடுகிறது.

நடந்தது பதியப்படாவிட்டால் நடக்காததாகவே கொள்ளப்படும் என்பது நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விடயமல்ல.

கும்பெல் எண்ணிய மற்றவை

கும்பெலைப் பற்றிப் புள்ளிவிபரவியல் நூல்கள் பொதுவாகச் சொல்லாத ஒன்று உண்டு. 1891இல் மியூனிக்கில் பிறந்த இந்த யூதக் கணிதவியலாளர், காற்றையும் வெள்ளத்தையும் எண்ணுவதற்கு முன்பு கொலைகளை எண்ணினார். முதலாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனியில் நடந்த அரசியல் கொலைகளை நீதிமன்ற ஆவணங்களிலிருந்து ஒவ்வொன்றாகத் திரட்டி, 1922இல் 'நான்கு வருட அரசியல் கொலை' என்ற நூலாக வெளியிட்டார். வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. அவற்றில் 326க்கு எந்தத் தண்டனையும் இல்லை. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றில் தண்டிக்கப்படாதவை 4 மட்டுமே. அடைமொழிகளைக் குறைத்து அட்டவணைகளைப் பேசவிட்டார். அரசு அவற்றைப் பொய்யென்று நிரூபிக்கவில்லை. தண்டனையிலிருந்து தப்பியவர்களைத் தண்டிக்கவும் இல்லை.

1932இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவி பறிக்கப்பட்டது. 1933இல் நாஜிகள் குடியுரிமையைப் பறித்தவர்களின் முதலாவது பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பிரான்சில் அகதியானார், பிரான்ஸ் வீழ்ந்ததும் 1940இல் அமெரிக்காவுக்குத் தப்பினார். உச்சங்களின் புள்ளிவிபரவியல் பற்றிய அவருடைய பெருநூல் 1958இல் வந்தது. இன்று உலகம் முழுவதும் அணைகளின் உயரமும் பாலங்களின் பலமும் அதன் வழியில் கணிக்கப்படுகின்றன. இரண்டு வேலைகளுக்கும் அடித்தளம் ஒன்றுதான்: அபூர்வமானது என்பதற்காக எதையும் கணக்கிலிருந்து விலக்கக்கூடாது.

நமது பதிவேடு

இலங்கையைக் கடக்கும் சூறாவளிகளில் பெரும்பாலானவை நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவிலிருந்து வருபவை. அவை ஏறும் கரை பெரும்பாலும் வடக்கு, கிழக்குக் கரை. 1964 டிசம்பர் 22இல் வவுனியாவுக்கு அண்மையாக நாட்டைக் கடந்த கடும் சூறாவளி, மன்னார் கடலைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகையிரதத்தையே கடல் இழுத்துக்கொண்டது. 1978இல் மட்டக்களப்பு. 2000 டிசம்பர் 26இல் திருகோணமலைக்கு அண்மையில் கரையேறிய சூறாவளி, 1978க்குப் பின் இந்த நாட்டில் சூறாவளிக்குரிய முழு வேகத்தோடு ஏறிய முதலாவது. 2020 டிசம்பர் 2இல் புரேவி, அதேபோலத் திருகோணமலைக்கு வடக்கே.

2000ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். வடக்கு கிழக்கு போரின் நடுவில் இருந்தது. முகாம்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் மக்கள் இருந்தார்கள். அந்தப் புயல் வடமாகாணத்தின் தென்பகுதி வழியாக மேற்கே போனது. அது போன பாதையில் எத்தனை காற்றுமானிகள் இயங்கியிருக்கும்? யாழ்ப்பாணம், முல்லைத்தீவு போன்ற இடங்களின் போர்க்கால வானிலைப் பதிவுகளில் நீண்ட இடைவெளிகள் இருப்பது காலநிலை ஆய்வு செய்பவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர். மழையைப் பற்றிய பல ஆய்வுகளில் வடக்கு நிலையங்கள் விடுபட்டுப்போவதற்கும் அதுவே காரணம். காற்றின் நிலை அதைவிட மோசம். மழைமானி ஒரு வாளியைப்போல, காற்றுமானிக்கோ மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும்.

போர் இல்லாத இடத்திலும் சூறாவளி அளவீட்டை ஏமாற்றும். முதலாவது, கருவியே உடைந்துவிடும். 1974 நத்தார் தினத்தில் அவுஸ்திரேலியாவின் டார்வினைத் தாக்கிய ட்ரேசி சூறாவளியில், விமான நிலையக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீற்றர் என்று பதிந்த பின் செயலிழந்தது. அதற்குப் பிறகு காற்று எவ்வளவு கூடியது என்பதை அந்தக் கருவி சொல்லவில்லை. இரண்டாவது, நம்பமுடியாத எண் வந்தால் பிழையென்று ஒதுக்கப்படும். 1996இல் அவுஸ்திரேலியாவின் பாரோ தீவில் தானியங்கிக் கருவி ஒன்று மணிக்கு 408 கிலோமீற்றர் என்று பதிந்தது. அதை உலக சாதனையாக ஏற்றுக்கொள்ள 2010 வரை ஆனது. மூன்றாவது, சூறாவளியின் கடுங்காற்று வீசும் பகுதி சில பத்துக் கிலோமீற்றர் அகலமே. இரண்டு நிலையங்களுக்கு நடுவால் அது புகுந்து போய்விட்டால் இரண்டும் சாதாரணக் காற்றையே பதிந்திருக்கும்.

எனவே சூறாவளி வரும் கரைகளில் ஒரு நிலையத்தின் வருட உச்சங்களை மட்டும் நம்பிக் கணக்குப் போடுவதை நிபுணர்கள் இப்போது விரும்புவதில்லை. சோளகத்தின் உச்சத்தையும் இடிமழையோடு வரும் திடீர்க் காற்றையும் சூறாவளியையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். சூறாவளிக்கு, முழு வங்காள விரிகுடாவிலும் பதிவான புயல்களின் பாதை, வேகம், மைய அழுத்தம் ஆகியவற்றை எடுத்துக் கணினியில் பல்லாயிரம் செயற்கைப் புயல்களை ஓடவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஊரில் எவ்வளவு காற்றைத் தந்திருக்கும் என்று பார்க்கிறார்கள். ஓர் ஊரின் பதிவேடு வெறுமையாக இருந்தாலும் கடலின் பதிவேடு கைகொடுக்கிறது.

இடைவெளியை நிரப்புவது எப்படி?

வேறு வழிகளும் உண்டு. ஐரோப்பிய வானிலை நிலையம் 1940 முதல் இன்றுவரை உலகின் காற்றை மணித்தியாலம் மணித்தியாலமாகக் கணினியில் மீளக் கட்டியிருக்கிறது. அது இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஏறக்குறைய 31 கிலோமீற்றருக்கு ஒரு கட்டம் என்ற அளவில் இருப்பதால் சூறாவளியின் உச்சத்தை அது குறைத்தே காட்டும். பருவக்காற்றுக்கு உதவும், சூறாவளிக்கு அப்படியே நம்ப முடியாது.

காற்றாலை அமைப்பவர்கள் இன்னொரு வழியைப் பயன்படுத்துகிறார்கள். அமைக்கும் இடத்தில் ஓரிரு வருடம் உயர்ந்த கோபுரத்தில் அளப்பார்கள். அதே காலத்தில் அருகிலுள்ள பழைய நிலையத்தில் பதிவானதோடு ஒப்பிடுவார்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து, பழைய நிலையத்தின் நீண்ட பதிவை வைத்துப் புதிய இடத்தின் பழைய காலத்தைக் கணிப்பார்கள். மன்னாரில் 2020இன் இறுதியில் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலை போன்றவற்றுக்கு இப்படியான அளவீடுகள் இன்றியமையாதவை. காற்றாலை வேண்டுமா, வேண்டாமா என்ற மன்னார் மக்களின் போராட்டம் வேறு விடயம். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் நமது மண்ணில் எடுக்கப்படும் காற்று அளவீடுகள் நமது கூரைகளைக் கணிக்கவும் பயன்பட வேண்டும் என்று கேட்பது நியாயமானது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது மூன்றாவது வழி. பதிவேடு இல்லாத காலத்துக்கு மனித நினைவைக் கணக்கில் சேர்க்கலாம். வெள்ளக் கணிப்பில் இது நெடுங்காலமாக நடக்கிறது. சரியான எண் தேவையில்லை. "இந்த இருபது வருடத்தில் ஓடு பறக்கும் அளவுக்குக் காற்று ஒரே ஒரு தடவைதான் வந்தது, அது இந்தத் திகதியில்" என்பது உறுதியானால், அந்த ஒரு வசனமே கணக்குக்குள் போக முடியும். இருபது வெற்றுப் பக்கங்கள் 'ஒன்று எல்லைக்கு மேல், பத்தொன்பது எல்லைக்குக் கீழ்' என்ற தகவலாக மாறுகின்றன.

அதற்கு நினைவு திருத்தமாக இருக்க வேண்டும். "பெரிய காத்து" என்பது போதாது. எந்தத் திகதி, எத்தனை மணி, காற்று முதலில் எந்தப் பக்கமிருந்து வந்தது, நடுவில் அமைதி இருந்ததா, எவ்வளவு நேரம், பிறகு எந்தப் பக்கமிருந்து அடித்தது, பனை வேரோடு சாய்ந்ததா, நடுவில் முறிந்ததா, எந்தத் திசையில் விழுந்தது, பறந்தது கிடுகா, தகரமா, ஓடா, மின்கம்பம் வளைந்ததா. நடுவில் அமைதி வந்திருந்தால் சூறாவளியின் கண் அந்த இடத்தைக் கடந்தது என்று பொருள். மரங்கள் விழுந்த திசைகளைப் பல ஊர்களில் குறித்தால் மையம் போன பாதையை வரையலாம். வளைந்த கம்பம், முறிந்த பெயர்ப்பலகை ஆகியவற்றின் பலத்தைக் கணக்கிட்டுக் காற்றின் வேகத்தை மதிப்பிடலாம். ட்ரேசிக்குப் பின் டார்வினில் அப்படித்தான் செய்தார்கள். கோவில் கணக்குப் புத்தகம், பங்குத் தந்தையரின் நாட்குறிப்பு, பாடசாலைச் சம்பவத் திரட்டு, சங்கக்கடைப் பதிவு ஆகியவை திகதியை உறுதிப்படுத்தும்.

மூன்று வலயங்கள்

1978இன் அழிவுக்குப் பிறகே இலங்கையில் காற்றுக்கான கட்டட வழிகாட்டி வந்தது. 1980இல் வெளியான அது நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரையோரப் பட்டி முதலாம் வலயம். அதற்கு உட்புறமான பட்டி இரண்டாம் வலயம். தென்மேற்கும் மலைநாடும் உட்பட்ட மீதி மூன்றாம் வலயம். சாதாரண கட்டடங்களுக்கு முதலாம் வலயத்தில் செக்கனுக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு 176 கிலோமீற்றர் வேகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாம் வலயத்தில் செக்கனுக்கு 43 மீற்றர். மூன்றாம் வலயத்தில் 33 மீற்றர். வைத்தியசாலை போல, அனர்த்தம் முடிந்தவுடன் இயங்க வேண்டிய கட்டடங்களுக்கு முறையே 54, 47, 38 மீற்றர்.

இந்த எண்களை அழுத்தமாக மாற்றினால் வித்தியாசம் விளங்கும். செக்கனுக்கு 33 மீற்றர் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். 49 மீற்றர் காற்று 150 கிலோ. கொழும்புக்கு வரைந்த ஒரு வீட்டுப் படத்தை அப்படியே வாழைச்சேனைக்கோ மூதூருக்கோ கொண்டுவந்து கட்டினால், இரு மடங்குக்கு மேற்பட்ட விசையை அது சந்திக்க நேரும்.

அந்த விசை கூரையை அமுக்குவதில்லை. பெரும்பாலும் மேலே இழுக்கிறது. முகட்டிலும் தாழ்வாரத்திலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம். காற்றுப் பக்கத்துக் கதவு உடைந்து காற்று உள்ளே புகுந்தால், மேலிருந்து இழுக்கும் விசையோடு உள்ளிருந்து தள்ளும் விசையும் சேர்ந்துகொள்ளும். சீற்றைச் சலாகையில் பிடித்திருப்பது என்ன, சலாகையைக் கைமரத்தில் பிடித்திருப்பது என்ன, கைமரத்தை வளையில், வளையைச் சுவரில் பிடித்திருப்பது என்ன என்று மேலிருந்து கீழ்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே வெறும் ஆணி மட்டும் இருக்கிறதோ அங்கேதான் அறும். இரும்புப் பட்டியும் கொளுக்கி போல்ட்டும் வீட்டுச் செலவில் சிறு பங்கு. நான்கு பக்கமும் சரியும் கூரை, இரு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிடக் காற்றுக்கு நன்றாக நிற்கும். மிகத் தட்டையான கூரையைவிட 30 பாகை அளவில் சரிந்தது நல்லது.

போருக்குப் பின் வடக்கு கிழக்கில் பல்லாயிரம் வீடுகள் குறுகிய காலத்தில் கட்டப்பட்டன. பல குடும்பங்கள் கட்டம் கட்டமாக வந்த பணத்தில், கடனும் சேர்த்துத் தாமே கட்டின. பணம் முடியும் இடம் பெரும்பாலும் கூரைதான். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் வந்து பார்த்த அளவுக்குக் கூரை இணைப்புகளை யாரும் வந்து பார்க்கவில்லை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சுற்றியிருந்த பனையும் தென்னையும் போனதால் காற்றை மறிக்கவும் ஒன்றும் இல்லை. வீடு இருக்கும் இடம் வரைபடத்தில் எந்த வலயம் என்பதோடு, அது வெட்டைவெளியா, மரமுள்ள ஊர்மனையா என்பதும் கணக்கில் சேரும்.

கேட்க வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பெரும்பாலும் வெள்ளத்தாலும் மண்சரிவாலுமே அழித்தது. அதனால் இப்போது எல்லோரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் அடுத்தது காற்றாக வரலாம். கடல் சூடேறும்போது சூறாவளிகளின் எண்ணிக்கை கூடாவிட்டாலும் அவற்றில் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்பது காலநிலை அறிஞர்களின் பொதுவான முடிவு. பழைய பதிவேட்டை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பதில் இந்தச் சிக்கலும் இருக்கிறது.

அதனால் மூன்று விடயங்களை நாம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1980இல் வரைந்த வலய வரைபடத்தை, அதற்குப் பின் வந்த புயல்களையும் சேர்த்து வெளிப்படையாக மறுகணக்கிட வேண்டும். எந்த நிலையத்தில் எந்த வருடங்கள் இல்லை என்ற பட்டியலையும் அதோடு வெளியிட வேண்டும். வடக்கு கிழக்கின் காற்று அளவீடுகள், அரசிடம் இருந்தாலும் தனியாரிடம் இருந்தாலும், பல்கலைக்கழகங்களுக்கும் மக்களுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். எந்த வீட்டுத்திட்டமானாலும் கூரை இணைப்புகளைப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்பே இறுதிப் பணம் வழங்கப்பட வேண்டும்.

நான்காவது வேலையை யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 1964ஐயும் 1978ஐயும் கண்டவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் அந்த இரவைக் கொட்டிலுக்குள் கழித்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, திகதியோடும் திசையோடும் ஊரின் பெயரோடும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க ஒரு பாடசாலை வகுப்போ வாசிகசாலையோ போதும். எழுதியதன் ஒரு பிரதியை ஊரிலும் இன்னொன்றை அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்திலும் வையுங்கள். கணக்குப் போடுபவர் ஒருநாள் வருவார். அவர் வரும்போது அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கக்கூடாது.